சத்தியம் செய்யாத வாய்

கேசோ விடிவதற்கு முன் எழுந்தான். வலது கை தானாகத் தலைமாட்டுக்குப் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்துக்கொண்டான். முகம் கழுவினான். நாவிதன் வந்து இரும்புக் கத்தியால் சவரம் செய்துவிட்டுப் போனான். அங்கியை உடுத்தினான். இடுப்புக் கச்சையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். ஹிலாருஸ் வந்து முடிச்சுப் போட்டுவிட்டான். காலைச் சாப்பாடு வந்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு கிண்ணம் மொச்சை. ரொட்டியைத் தின்றான். பாலாடைக்கட்டியைத் தின்றான். மொச்சைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

பத்தொன்பது நாளாக இதே காலைதான். பத்தொன்பது நாளாக அவன் ரோமாபுரியின் சக்கரவர்த்தி.

"கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உங்க ஆட்சி, சீசர்," என்றான் ஹிலாருஸ். "ஒரு முடிச்சு மட்டும் உங்களுக்கு அடங்க மாட்டேங்குது."

ஹிலாருஸ் அரண்மனையின் அந்தரங்கக் காரியஸ்தன். கிரேக்கன். அடிமையாக வந்து விடுதலை பெற்றவன். மூன்று சக்கரவர்த்திகளுக்கு உடுத்திவிட்டு, மூவரையும் சிதைவரை கொண்டுபோய் விட்டவன். கேசோ நான்காமவன். இவன் கொஞ்ச நாளாவது தாங்க வேண்டும் என்பது அவனுடைய பிரார்த்தனை. ஒவ்வொரு தடவையும் புதிதாக அளவெடுப்பது அலுப்பான வேலை.

முடிச்சு வராததற்குக் காரணம் மந்தபுத்தி இல்லை. பதினேழு வயது முதல் முப்பத்திரண்டு வயது வரை கேசோ ஜூபிட்டரின் பூசாரி. அந்தப் பூசாரியின் உடம்பில் முடிச்சே இருக்கக் கூடாது. இரும்பு தொடக் கூடாது. குதிரை ஏறக் கூடாது. அணிவகுத்து நிற்கும் படையைப் பார்க்கக் கூடாது. தொப்பி இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் சத்தியம் செய்யக் கூடாது. ஜூபிட்டரின் ஆள் ஜூபிட்டர் மேல் ஆணையிடுவது நன்றாக இருக்காது என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

சில பண்டங்களைத் தொடவும் கூடாது, பெயர் சொல்லவும் கூடாது. ஆடு, பச்சை இறைச்சி, சுவரில் படரும் ஐவிக் கொடி, மொச்சை. பெயர் சொல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அதற்கு அவன் மனைவி வெத்தூரியா வழி செய்தாள். ஆட்டுக்குத் 'தாடிக்காரர்' என்று பெயர் வைத்தாள். கொடிக்கு 'சுவரேறி'. மொச்சைக்கு 'குட்டையன்'. ஒருமுறை அவள் சித்தப்பா விருந்துக்கு வந்து, சாப்பாட்டுக்கு நடுவில் ஆடு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த மூன்று நாள் வீட்டைக் கழுவிச் சாந்தி செய்தார்கள். மூன்று நாளும் வெத்தூரியா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் விதிகள் உண்டு. ஏணியில் மூன்று படிக்கு மேல் ஏறக் கூடாது. தெருவில் ஊர்வலம் போனால் மூன்றாவது படியில் நின்று, கால் விரல்களில் எம்பி, மதிலுக்கு மேல் மூக்கை மட்டும் நீட்டிப் பார்ப்பாள்.

கடைசியாக ஒரு விதி. பூசாரி வேலை கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்துத்தான். மனைவி இறந்தால் அன்றே வேலை போய்விடும்.

அந்த வசந்தத்தில் வெத்தூரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் காலையில் இறந்தாள். சாயங்காலம் இரண்டு பேர் வந்து தொப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். கவனமாகத் துணியில் சுற்றித்தான் எடுத்துப் போனார்கள்.

அவள் போன ஒன்பதாம் நாள் காவற்படை வந்தது.

அது வந்த காரணம் இது. இறந்துபோன பழைய சக்கரவர்த்தி யாரையும் நம்பாதவர். அதனால் ஊரில் உள்ள ஒவ்வொரு ஆணையும் ஜூபிட்டர் கல்லைப் பிடித்துச் சத்தியம் செய்ய வைத்திருந்தார்: 'அந்த ஆசனத்தில் இருப்பவர் தம் வாயால் அனுமதி தராமல் நான் அதில் உட்கார மாட்டேன்.' செனட்டர்கள் செய்தார்கள், சிப்பாய்கள் செய்தார்கள், ரொட்டிக் கடைக்காரர்கள்கூடச் செய்தார்கள். பிறகு ஒருநாள் அவர் யாருக்கும் அனுமதி தராமலே, அத்திப்பழம் தொண்டையில் சிக்கி இறந்துபோனார். ஆசனம் காலி. அனுமதி தர ஆள் இல்லை. உட்கார ஆசை உள்ளவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் சத்தியம் செய்தவர்கள். ஆசனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர யாரும் உட்காரவில்லை. வசந்த மழை வேறு, இடி தினமும் இடித்தது.

காவற்படைத் தலைவன் கொசூதியுஸ் தன் சிப்பாய்களோடு கேசோவின் வாசலில் வந்து நின்றான். கழுத்தே இல்லாத மனிதன்.

"நீங்கதானே பூசாரி?"

"இருந்தேன்."

"சத்தியம் பண்ணியிருக்கீங்களா?"

"எந்தச் சத்தியம்?"

"எதுவா இருந்தாலும் சரி."

"இல்ல. பண்ணக் கூடாது."

சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குதிரை ஏறுவீங்களா?"

"மாட்டேன்."

"வாள் பிடிச்சிருக்கீங்களா?"

"இரும்பைத் தொட்டதே இல்ல."

"படை, அணிவகுப்பு, இதெல்லாமாவது?"

"இப்பத்தான் முதல் தடவையா பாக்குறேன். நல்லாத்தான் இருக்கு."

கொசூதியுஸ் பெருமூச்சு விட்டான். "பரவால்ல. வாங்க போலாம்."

எங்கே என்று கேசோ கேட்கவில்லை. ஒன்பது நாளாக வீட்டில் கட்டிலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். யாரோ கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினான். தல்லுசாதான் கரண்டியோடு ஓடி வந்தாள். வெத்தூரியா கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்த அடிமைப் பெண். வாய் நீளம். சமையல் மோசம்.

"யோவ், எங்கய்யா இழுத்துட்டுப் போறீங்க அவரை?"

"சக்கரவர்த்தி ஆக்கப் போறோம்."

"அடுப்புல கஞ்சி வச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு வந்துருவாரா?"

வரவில்லை.

ஆட்சி மோசமாகப் போகவில்லை. கேசோ எதுவும் செய்யவில்லை, அதனால் எதுவும் கெடவில்லை. ஆனால் செனட்டுக்குத் தலைமை தாங்கும் கான்சல் மெத்திலியுசுக்கு அது பொறுக்கவில்லை. ஆசனத்தைச் சுற்றி வந்த நாற்பது பேரில் மற்றவர்களைவிட ஒரு சுற்று அதிகம் வந்தவர் அவர். அவர் செனட்டில் கை உயர்த்திப் பேசினார். "ஜூபிட்டர் இந்த ஆளோட சம்சாரத்தை எடுத்துக்கிட்டு, ஆளை வீட்டை விட்டுத் துரத்திட்டாரு. சாமி துரத்தினவனை நாம கூட்டியாந்து நடுவீட்டுல உக்கார வச்சிருக்கோம். இடி இடிக்குதே, எதுக்குன்னு நினைக்கிறீங்க?"

ஊர் யோசிக்கத் தொடங்கியது. ஹிலாருஸ் அதைவிட வேகமாக யோசித்தான். இரண்டு நாளில் பொதுக் குளியல் கூடங்களிலும் சவரக் கடைகளிலும் ஒரு செய்தி பரவியது. வெத்தூரியா சாகும் தறுவாயில் எழுந்து உட்கார்ந்து, கணவனைப் பார்த்துச் சொன்னாளாம்: "நாதரே, உம்மை விடுவிக்கவே ஜூபிட்டர் என்னை அழைக்கிறார். ரோமாபுரியை ஏற்றுக்கொள்ளும்." கூரையில் ஒரு கழுகு வந்து உட்கார்ந்ததாம். ஒரு வாரத்தில் கழுகு இரண்டாகி, பத்து நாளில் கட்டிலையே தூக்கிக்கொண்டு பறந்தது.

"கழுகு என்னோட வேலை இல்ல," என்றான் ஹிலாருஸ். "ஜனங்களே சேத்துக்கிட்டாங்க."

மெத்திலியுஸ் சும்மா இருக்கவில்லை. "அப்படியா? ரொம்ப நல்லது. செனட்டுக்கு வந்து கல்லைப் பிடிச்சு, அவ கடைசியா சொன்னது அதுதான்னு சத்தியம் பண்ணட்டும். பண்ணினா நான் வாயை மூடிக்கிறேன்," என்றார். அதற்குத்தான் அந்தப் பத்தொன்பதாம் நாள் காலை குறித்திருந்தார்கள்.

ஹிலாருஸ் கச்சையின் முனையை உள்ளே செருகினான்.

"ஒரே ஒரு வாக்கியம், சீசர். மெழுகுப் பலகையில எழுதி வச்சிருக்கேன். அதைச் சொல்லிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுட்டா முடிஞ்சது. அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது."

"சொல்லலேன்னா?"

"மாஜி சக்கரவர்த்திங்கிற வேலையில இந்த ஊருல யாரும் ஒரு வாரத்துக்கு மேல இருந்ததில்ல. அவங்க காரியஸ்தனும்தான்."

கேசோ பலகையை வாங்கிப் படித்தான்.

"அப்ப அவ செத்தது எனக்காகவா?"

"கதைப்படி ஆமா."

"நான் அந்த நாற்காலியில உக்காரணும்னு ஜூபிட்டர் அவளைக் கொன்னாரு."

"கொன்னாருன்னு எதுக்குச் சொல்லணும்? அழைச்சுக்கிட்டாரு. 'அழைக்கிறார்'னுதானே எழுதியிருக்கேன்?" ஹிலாருஸ் குரலைத் தாழ்த்தினான். "சரி, நெசமாவே என்னதான் சொன்னாங்க? நமக்குப் பிரயோசனப்படற மாதிரி ஏதாச்சும்?"

"உனக்குப் பிரயோசனப்படாது."

"ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை..."

"முடிச்சு இறுக்கமா இருக்கு," என்றான் கேசோ.

வெளி அறையில் தல்லுசா காத்திருந்தாள். வெத்தூரியா இறந்தபோது கட்டிலருகே இருந்தவர்கள் கேசோவும் அவளும்தான். அதனால் இரண்டு தரப்பும் அவளைத் தேடி வந்திருந்தது. மெத்திலியுஸ் ஆட்கள் கொடுத்த நீலச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். ஹிலாருஸ் கொடுத்த தோடுகளைப் போட்டிருந்தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று எடுப்பாக இருந்தன.

"நீ அவங்ககிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டான் ஹிலாருஸ்.

"எனக்குக் காது மந்தம்னு சொன்னேன்."

"எங்க ஆளுகிட்ட?"

"அதையேதான். ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டுமே." பலகையைப் பார்த்தாள். "அதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

ஹிலாருஸ் குரலை ஏற்றி இறக்கி, கையை நீட்டி வாசித்தான்.

தல்லுசா வாயைப் பொத்திக்கொண்டாள். "நாதரேவா? எங்க பாப்பாவா? காய்ச்சல்லகூட அது அப்படிப் பேசாது."

கேசோ அவள் தோளில் இருந்த சால்வையைப் பார்த்தான்.

"நல்ல நீலம்," என்றான்.

"அழுக்குத் தெரியாது," என்றாள் தல்லுசா. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "அய்யா, உசுரோட வாங்க. மத்தது எதுவா இருந்தாலும் சரி."

செனட் நிரம்பி வழிந்தது. கொசூதியுஸ் வாசலில் நின்றான். மெத்திலியுஸ் முதல் வரிசையில், பேசவேண்டிய கண்டனத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு மேடை. அதன்மேல் ஜூபிட்டரின் கல். உள்ளங்கைக்கு அடங்கும் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல். கையில் பிடித்துச் சொல்ல வேண்டும்: 'நான் தெரிந்தே பொய் சொன்னால், இந்தக் கல்லை நான் எறிவது போல ஜூபிட்டர் என்னை எறியட்டும்.' சொல்லிவிட்டு எறிய வேண்டும். கேசோ பதினைந்து வருஷம் எத்தனையோ பேர் இதைச் சொல்லக் கேட்டு நின்றிருக்கிறான். சொன்னதில்லை.

கல் சில்லென்று இருந்தது. அவனுடைய முதல் சத்தியம். ஹிலாருஸ் தூண் ஓரமாக நின்று, பலகையில் எழுதியதை உதட்டால் சொல்லிக் காட்டினான்.

கேசோ சத்திய வாசகத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அது அவன் தொழில். பிறகு, "அவ கடைசியா சொன்னது இது," என்றான்.

சொன்னான். அவள் சொன்னபடியே, அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னான். கல்லை எறிந்தான். எறிந்து பழக்கம் இல்லாததால் அது நேராகப் போகாமல் கொசூதியுசின் முழங்காலில் பட்டது. "அய்யோ!" என்றான் காவற்படைத் தலைவன்.

முதலில் அந்த ஒரு சத்தம்தான். ஹிலாருஸ் பலகையால் முகத்தை மூடிக்கொண்டான். பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது முன்னால் வந்தது. வயதான லார்த்தியுஸ் எழுந்து நின்றார். அவருக்குப் பரிகாரங்கள் அத்தனையும் அத்துப்படி.

"இரு, இரு. அந்தப் பேரையா சொன்னா? பூசாரி வீட்டுக்குள்ளயா?"

"ஆமா."

"நீ இன்னும் பூசாரியா இருக்கறப்பவா?"

"கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது."

"வீட்டையே கழுவிச் சாந்தி பண்ணணுமேப்பா அதுக்கு!"

"சாயங்காலமே தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, ஐயா. அப்புறம் அது வெறும் வீடுதான்."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். பொய்ச் சத்தியத்தைக் கண்டிக்கத்தான் மெத்திலியுஸ் தயாராக வந்திருந்தார். இதைக் கண்டிக்க அவரிடம் ஒரு வரியும் இல்லை.

"அப்ப கழுகு?" என்றார் கடைசியில்.

"கழுகு வரல."

"ஜூபிட்டர் உன்னை அழைச்சாருங்கிறது?"

"என்னை யாரும் அழைக்கல. கொசூதியுஸ்தான் கூப்பிட்டாரு."

எல்லோரும் கொசூதியுசைப் பார்த்தார்கள். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கேசோ உட்காரவில்லை. அவன் இன்னொரு காரியத்துக்கும் வந்திருந்தான். பலகையைக் கையில் வாங்கிய நேரத்தில்தான் அது தோன்றியது. சடங்கு வாசகங்களை எழுத்தெண்ணி ஓதுவது அவனுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். பழைய சக்கரவர்த்தியின் சத்தியத்தை மனதுக்குள் ஓதிப் பார்த்தான். 'ஆசனத்தில் இருப்பவர் தம் வாயால் அனுமதி தராமல்.' பழைய சக்கரவர்த்தியின் வாய் என்று அதில் இல்லை. இருப்பவர். இப்போது இருப்பவன் அவன்.

மெத்திலியுசுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் எவனும் அப்படி ஓர் அனுமதியைத் தருவான் என்று அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"ஆசனத்துல இருக்கற நான் சொல்றேன்," என்றான் கேசோ. "நீங்க எல்லாரும் உக்காரலாம். யாரு வேணும்னாலும். அனுமதி கொடுத்துட்டேன்."

நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"கல்லை எடுத்துக் கொடுங்க," என்றான் கேசோ.

கொசூதியுஸ் நொண்டிக்கொண்டு வந்து கொடுத்தான். கேசோ இரண்டாவது சத்தியம் செய்தான். இனி அந்த ஆசனத்தில் உட்கார மாட்டேன், உட்காரப் பார்க்கும் யாரோடும் சேர மாட்டேன், ஊருக்குள் என் வீட்டில் இருப்பேன். கல்லை எறிந்தான். கொசூதியுஸ் இந்தத் தடவை நகர்ந்துகொண்டான்.

காவற்படையில் ஒருவன் வாளின் பிடியில் கை வைத்தபடி மெத்திலியுசைப் பார்த்தான். மாஜிகளை என்ன செய்வது என்பது அவர்களுக்கு வழக்கமாகத் தெரிந்த விஷயம். மெத்திலியுஸ் கேசோவை மேலும் கீழும் பார்த்தார். நிரந்தரமாகத் தொப்பி இருந்து பழகிய தலையில் நெற்றி மட்டும் வெளுத்திருந்தது.

"விடுங்கய்யா," என்றார். "சாம்ராஜ்யமே கிடைக்கும்னு தெரிஞ்சும் பொய் சொல்லாத ஆளு, இந்தச் சத்தியத்தை மட்டும் எதுக்கு மீறப் போறான்? வீட்டுக்குப் போகட்டும்." பிறகு ஆசனத்தை நோக்கி நடந்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் நடந்தார்கள். கொஞ்சம் வேகமாகவே நடந்தார்கள்.

ஹிலாருஸ் வாசல்வரை கூட வந்தான். பலகையில் எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துக்கொண்டே வந்தான்.

"என் தலை தப்புமா?"

"மெத்திலியுசுக்குக் கச்சை கட்ட ஆள் வேணுமே."

"அந்த வயித்துக்கு ரெண்டு கச்சை வேணும்," என்றான் ஹிலாருஸ். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அளவெடுக்கும் பார்வை. "போயிட்டு வாங்க, எசமான். நீங்க ஒருத்தர்தான் நடந்து வெளியே போறீங்க. எனக்கு இது புதுசு."

கேசோ மதியத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். கச்சை அவிழவில்லை. ஹிலாருஸ் போட்ட முடிச்சு அரண்மனை முடிச்சு. தல்லுசா பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டு, சமையற்கத்தியால் அறுத்துப் போட்டாள். நீலச் சால்வையை அடுப்படி ஆணியில் மாட்டியிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு வருவீங்களான்னு கேட்டேன். பத்தொன்பது நாள் கழிச்சு வர்றீங்க."

"கஞ்சி இருக்கா?"

"அதை அன்னிக்கே பக்கத்து வீட்டு நாய் குடிச்சிருச்சு." அவள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. "சந்தையில வாங்கியாந்தேன். வாங்கறப்ப யாராச்சும் பாக்கறாங்களான்னு ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். பதினஞ்சு வருஷம் இந்த வாசல் தாண்டாத சாமான்."

கேசோ கிண்ணத்தைப் பார்த்தான். ஒவ்வொரு மணியும் தோல் வெடித்து, கூழாகிக் கிடந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். மென்றான். மெல்ல ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"அவ சொன்னது சரிதான்."

தல்லுசா தலையைத் திருப்பிக்கொண்டாள். கேசோ இன்னொரு கரண்டி எடுத்தான். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டான்.

பத்தாம் நாள் காலை வெத்தூரியா கண்ணைத் திறந்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவனைப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். அது எதுவரைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை முழுசாகச் சொன்னாள், நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு.

"இனிமே நீங்க மொச்சை சாப்பிடலாங்க. ஆனா தல்லுசா கையில குடுத்துராதீங்க, குழைய விட்டுருவா."